பெல்ட்டு மேல பழியைப் போடாத மாப்ள

வாங்க மாப்ள, வாங்க. நீங்க வர்றீங்கன்னு ஆண்டகலூர் கேட்டு திரும்பறப்பவே தெரிஞ்சுபோச்சுங்க. ஆரன் அடிக்க வேண்டிய அவசியமே இல்லாத வண்டி இந்தச் சேலம் நாமக்கல் ரோட்டுல உன்றது ஒண்ணுதான். அந்தக் 'கீச்ச்'சுனு சத்தம் கேட்டதும் உங்கத்தை எந்திரிச்சுக் காப்பிக்குத் தண்ணி வெச்சுப்போடறா. கட்டுத்தரையில கெடக்கற எருமை காதைத் தூக்கிப் பாத்துட்டு, 'இவனா'னு மறுபடியும் அசைபோடுது. சரி, உக்காரு. மறுபடியும் பெல்ட்டுதானே?

போன தடவை வந்தப்ப கம்பெனி மோசம்னே. அதுக்கு முந்தி, கடைக்காரன் டூப்ளிகேட்டைத் தலையில கட்டிட்டான்னே. அதுக்கும் முந்தி ரோடு சரியில்லைன்னே. ரோடு சரியில்லாட்டி டயருதான் அழுவோணும், பெல்ட்டு எதுக்கு அழுவுதுன்னு நான் கேக்கலை. ஒறம்பறைகிட்டச் சிலதைக் கேக்காம உடறதுதான் மரியாதை. உங்கம்மா பங்குக்கு எலுமிச்சம்பழமும் பச்சை மொளகாயும் கோத்துக் கட்டினா. அப்பறம் நாமக்கல்லுக்குப் போயி ஆஞ்சநேயருக்கு வடைமாலை வேண்டிக்கிட்டு வந்தீங்க. சாமியைக் குத்தம் சொல்லலை. ஆனா 18 அடி ஒசரத்துல, தலைக்கு மேல கூரையே வேண்டாம்னு வெயில்லயும் மழையிலயும் நிக்கறவருகிட்டப் போயி, ஏசி ஓடற வண்டிக்கு வேண்டுதல் வெச்சா அவரு என்னத்தைப் பண்ணுவாரு, நீயே சொல்லு.

நான் சொல்லறது ஒண்ணே ஒண்ணுதான் மாப்ள. ஒரு பெல்ட்டு போச்சுன்னா அதுக்கு வயசாயிருச்சுன்னு உட்டுடலாம். மாத்தின பெல்ட்டும் சீக்கிரமே போச்சுன்னா, குத்தம் பெல்ட்டுல இல்லை, அது ஓடற எடத்துல இருக்குது. தப்புப் பண்ணறவன் உள்ள சொகமா உக்காந்திருக்கறான். நீ செத்ததைத் தூக்கிக் கெடாசிட்டு, புதுசா இன்னொண்ணைக் கொண்டுபோயி அவன்கிட்டயே பலி குடுக்கற.

மொதல்ல உன்ற வண்டிக்கு ஒரு கும்புடு போட்டுக்கறேன். 1984ல மாருதி வேன்னு வந்துது. 1988ல ஆம்னினு பேரு வெச்சாங்க. 2019ல செய்யறதையே நிறுத்திட்டாங்க. அதுவரைக்கும் உருவம் பெருசா மாறலை, 796 சி.சி.யும் மூணு சிலிண்டருமாவே ஓடிக்கிட்டு இருந்துது. நம்ம சீமையில அது சொமக்காதது என்ன இருக்குது? முட்டை அட்டை, பால் கேனு, ஜவ்வரிசி மூட்டை, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க, பொண்ணு பாக்கப் போற கூட்டம், பொண்ணு புடிக்கலைன்னு கோவிச்சுக்கிட்டுத் திரும்பற கூட்டம். புஸ்தகத்துல எட்டுப் பேருனு இருந்தா, காதுகுத்துக்குப் போறப்ப அது தானா பதினாலு ஆயிரும். அத்தனையும் பாத்த வண்டி மாப்ள. அதோட எஞ்சின் நீ உக்காந்திருக்கற சீட்டுக்கு அடியிலதான் இருக்குது. இத்தனை வருசமா அது மேலயே உக்காந்துக்கிட்டு, ஒரு நாளாச்சும் சீட்டைத் தூக்கி உள்ள பாத்திருக்கறயா?

பாக்க மாட்டே. ஆனா அதுல எதை எதையெல்லாம் மாட்டலாம்னு மட்டும் நல்லா ரோசனை பண்ணுவே. கண்ணைப் பறிக்கற லைட்டு ரெண்டு. பின்னாடி பாட்டுப் பெட்டி, அதுக்குத் தனியா ஒரு ஆம்ப்ளிபயரு. எல்லாத்துக்கும் மேல, வெளிய குடுத்து மாட்டின ஏசி. ஏசி எதுக்குடா இந்த வண்டிக்குனு நான் அப்பவே கேட்டேன். வேப்பமரத்துக் காத்துல வளந்தவன் நானு, எனக்கு அதெல்லாம் ஆவாது. 'சேலத்து வெயிலு 40 டிகிரியைத் தாண்டுதுங்க மாமா, அடியில எஞ்சினு வேற சுடுது, புள்ளைங்க வேகுதுங்க'ன்னே. ஞாயந்தான். ஆனா இத்தனையையும் இழுக்கறது எது? நீ மாசச் சம்பளத்துல இழுக்கலை. விரல் தண்டியில இருக்கற ரப்பரு இழுக்குது.

அது எப்படினு சொல்லறேன், காதுல வாங்கு. எஞ்சினு சுத்தறப்ப முன்னாடி கிராங்க் புல்லி சுத்துது. அதுல மாட்டின பேன் பெல்ட்டு ரெண்டு பேரை இழுத்துக்கிட்டு ஓடுது. ஒருத்தன் டைனமோ, அதாவது ஆல்டர்னேட்டரு. பேட்டரிக்குக் கரண்டு குடுக்கறவன். இன்னொருத்தன் வாட்டர் பம்ப்பு. எஞ்சின் சூட்டைத் தண்ணியில வாங்கி ரேடியேட்டருக்கு அனுப்பறவன். லைட்டு, பாட்டு, ஏசிக்காத்தாடி எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டா டைனமோ கனத்துப்போவும், லேசுல சுத்தாது. அப்பத்தான் பெல்ட்டு வழுக்குது, 'கீச்'சுங்குது. பொழுது உழுந்து லைட்டைப் போட்டதும் உன்ற வண்டி கத்தறதுக்கு அதுதான் காரணம். காத்து கருப்பெல்லாம் ஒண்ணும் இல்லை. ஏசி கம்ப்ரசருக்குத் தனியா இன்னொரு பெல்ட்டு ஓடுது. அவன் கதையைப் பின்னாடி சொல்லறேன். உன்ற கதையில வில்லனே அவன்தான்.

எங்கப்பன் காலத்துல கெணத்துல கவலை இறைப்பாங்க. ரெண்டு எருது, தோல்பறி, மேல உருளை, அது மேல ஓடற வடக்கயிறு. கயிறு ஒரு பக்கமாத் தேஞ்சு அந்துபோச்சுன்னா எங்கப்பன் கயிறு விக்கறவனை வையமாட்டாரு. கெணத்து மேட்டுல ஏறி உருளையைத்தான் பாப்பாரு. அச்சு தேஞ்சு உருளை சாஞ்சிருக்கும். இல்லாட்டி உருளையில எங்கியோ செராய் நீட்டிக்கிட்டு நிக்கும். அதைச் சரிபண்ணிட்டுத்தான் புதுக் கயிறு போடுவாரு. பள்ளிக்கூடத்துப் பக்கமே போவாத மனுசன். நீ பி.ஈ. மெக்கானிக்கலு.

அப்பறம் ஆயில் எஞ்சின் வந்துது, நெல்லு மில்லு வந்துது. அதுல எல்லாம் பட்டையான பெல்ட்டு. தோலுல இருக்கும், கித்தான்லயும் இருக்கும். அது புல்லி மேல சும்மா படுத்துக்கிட்டு ஓடும், நெனைச்சா நழுவிக் கீழ உழும். உன்ற வண்டியில இருக்கறது வேற சாதி. 1917ல அமெரிக்காவுல டென்வருங்கற ஊருல ஜான் கேட்ஸுனு ஒருத்தரு ரப்பரும் நூலும் சேத்து, அடி குறுகலா மேல அகலமா ஒரு பெல்ட்டைக் கொண்டுவந்தாரு. அதுதான் வி பெல்ட்டு. அது புல்லிக் குழியோட ரெண்டு பக்கச் சுவத்தையும் கவ்விக்கிட்டு ஓடும். அடியில படவே கூடாது. இதை மட்டும் மனசுல வெச்சுக்க, பாதி மெக்கானிக்கு ஆயிட்டே. குழிக்கு அடிப்பாகம் கண்ணாடியாட்டப் பளபளன்னு இருந்துதுன்னா, பெல்ட்டு அடியில இறங்கி உரசுதுன்னு அர்த்தம். ஒண்ணு, புல்லிச் சுவரு தேஞ்சுபோச்சு. இல்லாட்டி அளவு தப்பான பெல்ட்டு. அந்தக் குழியில எத்தனை புதுப் பெல்ட்டு போட்டாலும் வழுக்கத்தான் செய்யும்.

இப்ப உன்ற வைத்தியருங்க கதைக்கு வருவோம். 1997 சனவரி 1ந் தேதி சேலத்துல இருந்து நாமக்கல்லைப் பிரிச்சுத் தனி மாவட்டம் ஆக்கினாங்க. கலெக்டரு ஆபீசு பிரிஞ்சுது, அதோட உன்ற வண்டி வைத்தியமும் பிரிஞ்சுபோச்சு. சேலத்துப் பட்டறைக்குப் போனா, 'எவன் தம்பி இவ்வளவு டைட் வெச்சது, நாமக்கல்காரனா?'ங்கறான். லூஸ் பண்ணி உடறான். சத்தம் வருது. நாமக்கல் பட்டறைக்குப் போனா, 'எவன் இவ்வளவு லூஸ் உட்டது, சேலத்துக்காரனா?'ங்கறான். வீணைக் கம்பியாட்டம் இறுக்கி உடறான். சத்தம் நிக்குது, டைனமோ பேரிங்கு போவுது. நடுவுல ராசிபுரத்துல உக்காந்துக்கிட்டு ரெண்டு பேருக்கும் காசு குடுக்கறவன் நீ. இதுல வேடிக்கை என்னன்னா மாப்ள, ரெண்டு பேரும் அடுத்தவனைப் பத்திச் சொல்லறது மட்டும் நெசம்.

லூஸா இருந்தா பெல்ட்டு வழுக்கும், சூடாவும், பக்கம் ரெண்டும் கெட்டியாகி மினுமினுக்கும், அப்பறம் பிடிமானமே இருக்காது. டைட்டா இருந்தா டைனமோ பேரிங்கையும் வாட்டர் பம்ப் பேரிங்கையும் இழுத்துத் தின்னும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு பதம் இருக்குது. எஞ்சினை நிறுத்திப்போட்டு, ரெண்டு புல்லிக்கு எடையில பெல்ட்டு நீளமா ஓடற எடத்துல பெருவிரலை வெச்சு நல்லா அழுத்து. அரை இஞ்சுக்குச் சித்தெ கம்மியா அமுங்கோணும். சரியான அளவு வண்டியோட குடுத்த புஸ்தகத்துல போட்டிருக்குது. அந்தப் புஸ்தகத்தை நீ எங்க வெச்சிருக்கறேன்னு எனக்குத் தெரியும். உங்கத்தை வந்தப்ப உன்ற ஊட்டு மேசைக் காலு ஆடாம இருக்க அதைத்தான் அண்டை குடுத்திருந்துதாம்.

சரி, செத்த பெல்ட்டு எங்க? தூக்கிப் போட்டுட்டயா? அங்கதான் தப்பு. அது பொணம் இல்லை மாப்ள, சாட்சி. எதனால செத்தேன்னு அது மேலயே எழுதியிருக்கும். உள்பக்கம் குறுக்கால வெடிப்பு வெடிப்பா இருந்துதுன்னா, வயசும் சூடும். அது நல்ல சாவு, அழுவ வேண்டியதில்லை. ரெண்டு பக்கமும் மினுமினுப்பா இருந்தா வழுக்கியிருக்குது. ஒரு பக்கம் மட்டும் பிசிறு பிசிறா நூல் வெளிய வந்திருந்தா, புல்லி ரெண்டும் ஒரே நேருல இல்லை. தொட்டாப் பிசுபிசுன்னு ஊதிப்போயி இருந்தா ஆயிலு பட்டிருக்குது. தேய்மானமே இல்லாம புதுசாட்டம் இருந்து பட்டுனு அந்திருந்தா, ஏதோ ஒரு புல்லி சுத்தாம நின்னுருக்குது, இல்லாட்டி மாட்டறப்பவே எவனோ அதோட நரம்பை அறுத்துட்டான். இத்தனை சேதி சொல்லற சாட்சியைப் பட்டறை மூலையில வீசிட்டு, வாட்சப்புல எவனோ ஆந்திராக்காரன் போட்ட வீடியோவைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கற.

அடுத்தது, பெல்ட்டைக் கழட்டினதும் புதுசை மாட்டறதுக்குப் பறக்காத. பெல்ட்டு இல்லாதப்பத்தான் மத்தவங்க யோக்கியதை தெரியும். ஒவ்வொரு புல்லியையும் கையில சுத்திப் பாரு. டைனமோ சத்தமில்லாம வழுவழுன்னு சுத்தோணும். கொறகொறன்னா பேரிங்கு போச்சு. வாட்டர் பம்ப் புல்லியைப் புடிச்சு முன்னும் பின்னும் ஆட்டு. ஆடுச்சுன்னாலோ, பம்ப்புக்குக் கீழ தண்ணி வழிஞ்ச தடம் இருந்துதுன்னாலோ, அவன் காலம் முடிஞ்சுது. டென்ஷனர் புல்லி இருந்தா அதையும் சுத்து. சூடா இருக்கறப்ப மட்டும் இறுகி நிக்கற பேரிங்கும் உண்டு, அதனால வண்டி ஓடி வந்து நின்னதும் ஒருக்கா பாரு, ஆறினதும் ஒருக்கா பாரு. சுடறப்பப் பாக்கறதுன்னா துணியைப் புடிச்சுக்கிட்டுப் பாரு, கையைப் பொசுக்கிக்கிட்டு என்றகிட்ட வராத.

இப்ப நம்ம வில்லனைப் பாப்போம். ஏசி மாட்டினவன் கம்ப்ரசரை நிக்கவெக்க ஒரு இரும்புப் பிராக்கெட்டு போட்டிருக்கறான் பாரு, அது வண்டியோட பொறந்தது இல்லை, வெளிய வெல்டு வெச்சுக் கொண்டுவந்தது. வெல்டு ஒரு நூலு சாஞ்சாலும் கம்ப்ரசர் புல்லி சாஞ்சுதான் நிக்கும். இல்லாட்டி வண்டி அதிர்ற அதிர்ச்சிக்குப் போல்ட்டு லூஸாயி, ஏசி போடறப்ப மட்டும் பிராக்கெட்டு வளைஞ்சு குடுக்கும். ஏசியைப் போட்டா 'கீச்', அணைச்சா கம்முன்னு இருக்குதுங்கறயே, அதுக்கு அர்த்தம் இதுதான். ஒரு நீட்டு இரும்பு ஸ்கேலை எடுத்து கிராங்க் புல்லி மூஞ்சியிலயும் கம்ப்ரசர் புல்லி மூஞ்சியிலயும் சேத்து வெச்சுப் பாரு. நாலு எடத்துலயும் ஒட்டோணும். ஒட்டாட்டி அந்த ஏசி பெல்ட்டு ஒரு பக்கமா உரசி, நூலு நூலாப் பிரியும். பிரிஞ்ச நூலு சும்மா இருக்குமா? பக்கத்துல ஒழுங்கா ஓடிக்கிட்டு இருக்கற பேன் பெல்ட்டுக்குள்ள போயிச் சுத்திக்கும். அதையும் கீழ தள்ளும். நீ பட்டறைக்குப் போயி 'பேன் பெல்ட்டு போச்சு'ங்கற. அவனும் பேன் பெல்ட்டை மாத்தறான். பிராக்கெட்டுக்காரன் சிரிச்சுக்கிட்டு அடுத்த பலிக்குக் காத்திருக்கறான்.

ரெண்டாவது கள்ளன் ஆயிலு. கிராங்க் புல்லிக்குப் பின்னாடி இருக்கற ஆயில் சீலு கசிஞ்சாலும், மேல டேப்பட் கவர் பேக்கிங்கு கசிஞ்சாலும், சொட்டு சொட்டாப் பெல்ட்டு மேல உழும். நம்ம ரோட்டுல கோழித் தீவனத் தூசியும் சோளத் தவிடும் பறக்குது பாரு, ரெண்டும் சேந்து புல்லிக்குழியில களி கிண்டி வெக்கும். பெல்ட்டைத் தொடைச்சா ஆவாது, கசியறதை அடைக்கோணும். புல்லியையும் நல்லாக் கழுவிப்போட்டுத்தான் புதுசு மாட்டோணும்.

சத்தம் எதனாலன்னு சந்தேகமா இருந்தா ஒரு தண்ணி வைத்தியம் இருக்குது. அதுக்கு முந்தி வேட்டியை மடிச்சுக் கட்டாத, அவுத்துப்போட்டுப் பேண்டை மாட்டிக்கிட்டு வா. தோளுல துண்டும் கூடாது. ஓடற பெல்ட்டு துண்டுக்கு மரியாதை குடுக்காது, துண்டுக்குள்ள இருக்கற கழுத்துக்கும் குடுக்காது. சத்தம் வர்றப்ப, தள்ளி நின்னுக்கிட்டு, பாட்டில் மூடியில ஓட்டை போட்டு பெல்ட்டு மேல சித்தெ தண்ணியைப் பீச்சு. சத்தம் சட்டுனு நின்னு, கொஞ்ச நேரத்துல மறுபடியும் வந்தா புல்லி நேரு தப்பியிருக்குது. தண்ணி பட்டதும் சத்தம் அதிகமானா பெல்ட்டு லூஸு, வழுக்குது. காலையில பனியிலயும் மழையிலயும் ரெண்டு நிமிசம் கத்திட்டு நிக்கறதும் இந்த வழுக்கல் சாதிதான்.

நீ பண்ணினது என்ன? சோப்புக்கட்டியைத் தேச்சே. அப்பறம் பவுடர் போட்டே. அப்பறம் எவனோ ஸ்பிரே குடுத்தான், அதையும் அடிச்சே. பெல்ட்டு குளிச்சு, பவுடர் போட்டு, செண்டும் அடிச்சு, கல்யாணத்துக்குப் பொறப்பட்ட மாதிரி இருந்துது. நெல்லு மில்லுல பட்டை பெல்ட்டுக்குக் குங்கிலியப் பொடி தூவுவாங்க, நானும் தூவியிருக்கறேன். அது அந்தக் காலத்துத் தோல் பெல்ட்டுக்கு. வி பெல்ட்டுக்கு அதெல்லாம் சத்தத்தைத்தான் அமுக்கும், நோவைத் தீக்காது. பிசுக்குல தூசி ஒட்டிக்கிட்டு, இருந்த ஆயுசும் கொறையும்.

பெல்ட்டு வாங்கப் போனா, பழைய பெல்ட்டோட முதுகுல இருக்கற நம்பரைப் பாத்து அதே நம்பரை வாங்கு. 'இதே மாதிரிதாங்க, சித்தெ நீளம், இழுத்து மாட்டிக்கலாம்'னு கடைக்காரன் சொன்னா, நீயும் சித்தெ கம்மியாக் காசு குடு, இழுத்துக்கச் சொல்லு. நல்ல பெல்ட்டுக்குச் சீமைக்குப் போவ வேண்டியதில்லை, மதுரை கோச்சடையிலயே பென்னர் கம்பெனி செய்யுது. அட்டைப்பெட்டி புதுசா இருக்குதான்னு மட்டும் பாக்காத, பெல்ட்டை வளைச்சுப் பாரு. அலமாரியில வருசக்கணக்கா வெயில்ல தொங்கினது, ஓடாமலே கெழவனாகி இருக்கும்.

மாட்டறப்ப நீ பக்கத்துலயே நில்லு. டைனமோ போல்ட்டை லூஸ் பண்ணி, டைனமோவை உள்ள தள்ளி, பெல்ட்டைச் சும்மா கையில போட்டு, அப்பறம் இறுக்கோணும். அதுக்குச் சோம்பல்பட்டுக்கிட்டு ஸ்குரூடிரைவரைக் குடுத்து நெம்பி ஏத்தறவன் இருக்கறான். நெம்பறப்ப உள்ள இருக்கற நூலுங்க அந்துபோவும். வெளியே ஒண்ணும் தெரியாது. ரெண்டு மாசங்கழிச்சுப் பட்டுனு போவும், நீ கம்பெனிக்காரனை வைவே. இன்னொண்ணு, புதுப் பெல்ட்டு கொஞ்சம் ஓடினதும் குழியில படிஞ்சு லூஸாவும். சில நூறு கிலோமீட்டரு கழிச்சு மறுபடியும் ஒருக்கா டைட் பாக்கோணும். அந்த ரெண்டாவது தடவைக்குத்தான் நீ போவவே மாட்டேங்கற. கறி விருந்துன்னா மட்டும் மறு விருந்துக்கும் சொல்லாமலே வந்து நிக்கற.

உன்ற மச்சினன் புதுசா ஒரு வண்டி வெச்சிருக்கறானே, அதுல அகலமா, வரி வரியா ஒரே பெல்ட்டு எல்லாத்தையும் வளைச்சு வளைச்சு இழுக்குது. இப்ப வர்ற ரப்பருல அது வெடிக்காது, வரிதான் தேயும். வெடிப்பு இல்லை, நல்லா இருக்குதுன்னு அவன் பீத்திக்கிட்டுத் திரியறான். வரி ஆழம் பாக்கச் சொல்லு. அவனும் கீச்சுனு வந்து நின்னா உங்கத்தைக்கு எது யாரு வண்டின்னு தெரியாமப் போயிரும்.

இனி ரோட்டுச் சமாச்சாரம். ஓடிக்கிட்டு இருக்கறப்ப டாஷ்போர்டுல பேட்டரிச் செகப்பு லைட்டு எரிஞ்சுதுன்னா, 'பேட்டரிதானே, ஊடு போயிப் பாத்துக்கலாம்'னு இருக்காத. பேன் பெல்ட்டு அந்திருக்கலாம். அந்திருந்தா டைனமோ மட்டும் நிக்காது, வாட்டர் பம்ப்பும் நின்னுபோவும். சூடு முள்ளு ஏறும். அப்பவே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்து. புதுச்சத்திரத்துல அந்ததை நாமக்கல் வரைக்கும் ஓட்டிக்கிட்டுப் போயிறலாம்னு பாத்தேன்னா, ஹெட்டு வளைஞ்சு கேஸ்கட்டு போவும். பெல்ட்டு காசுல போவ வேண்டியது எஞ்சின் காசுல போயி நிக்கும். நிறுத்தினதும் ரேடியேட்டர் மூடியைத் தொறந்து தண்ணி ஊத்தறேன்னு நிக்காத. உள்ள கொதிக்கற தண்ணி மூஞ்சியில அடிக்கும். ஆறட்டும், அதுவரைக்கும் புளியமரத்தடியில உக்காந்து உன்ற தலைவிதியை நெனைச்சுக்க.

லாரி கூண்டு கட்டி இந்தியா பூராவும் அனுப்பற ஊரு நாமக்கல்லு. போர் போடற ரிக் வண்டியைத் தேசம் தேசமா ஓட்டற ஊரு திருச்செங்கோடு. ரெண்டுக்கும் பக்கத்துல பொறந்துட்டு ஒரு பெல்ட்டுக்கு இத்தனை அலைச்சலா? அந்த லாரிக்காரங்களைப் பாரு. ஸ்பேர் பெல்ட்டு ஒண்ணு எப்பவும் வண்டியிலயே கெடக்கும். டீ குடிக்க நிறுத்தினா கிளீனரு இறங்கி டயரைத் தட்டுவான், வீல் சூடு தொட்டுப் பாப்பான், அப்பறந்தான் டீ. நீ நிறுத்தினா இறங்கி போட்டோ எடுக்கற.

ஒரு விசயம் மட்டும் வெளையாட்டு இல்லாமச் சொல்லறேன். எஞ்சின் முன்பக்கம் மூடிக்குள்ள இன்னொரு பெல்ட்டு இருக்குது, டைமிங் பெல்ட்டு. பல்லு வெச்சது. வால்வு எப்பத் தொறக்கோணும், எப்ப மூடோணும்னு கணக்கு வெக்கறது அதுதான். அது கீச்சுனு கத்தாது, முன்கூட்டி ஒண்ணும் சொல்லாது. அந்தா எஞ்சின் அங்கியே நின்னுரும். சில எஞ்சின்ல வால்வு போயிப் பிஸ்டன்ல மோதி வளைஞ்சும் போவும். அதனால அதைச் சத்தம் வரட்டும்னு பாத்து மாத்தக்கூடாது, புஸ்தகத்துல போட்ட கிலோமீட்டருக்கு மாத்தோணும். மேசைக்காலுக்கு வேற ஏதாச்சும் அண்டை குடு. முன்னாடி சொன்னேனே, கிராங்க் ஆயில் சீலு, அது கசிஞ்சா இந்தப் பெல்ட்டும் சேந்து கெடும்.

ஆகமொத்தம், நாளைக்குப் பட்டறைக்குப் போனா, 'பெல்ட்டை மாத்துங்க'னு சொல்லாத. அப்படிச் சொன்னா அவன் பெல்ட்டைத்தான் மாத்துவான். கேட்டதைச் செய்யறவன் மேல குத்தமே இல்லை. 'இது எதனால போச்சு, பாத்துச் சொல்லுங்க'னு பழைய பெல்ட்டைக் கையில குடு. அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாக்கறவன்கிட்ட வண்டியை உடு. பாக்காமலே குப்பையில போடறவன்கிட்ட இருந்து சாவியைத் திருப்பி வாங்கிக்க. வேலை பாத்ததுக்குத் தனியாக் கூலி கேப்பான், மூஞ்சியைச் சுளிக்காமக் குடு. ரோசனை பண்ணறதுக்குக் காசு குடுக்க மாட்டே, ரப்பருக்கு மட்டும் எத்தனை தடவை வேணும்னாலும் குடுப்பே. நீ இப்படி இருக்கற வரைக்கும் எந்தப் பட்டறைக்காரனும் ரோசனை பண்ண மாட்டான்.

மாமனுக்கு என்ற மேல இத்தனை பாசமான்னு கண்ணுல தண்ணி உட்டுப்போடாத. ஆடி 18க்குக் கொல்லிமலை போறோம்னு உங்கம்மா சொல்லிட்டா, முன்னாடி சீட்டு மாமனுக்குத்தான்னும் சொல்லிட்டா. காரவள்ளியில இருந்து மேல 70 கொண்டை ஊசி வளைவு. அந்தச் சீட்டுக்கு அடியிலதான் எஞ்சினு. நாப்பதாவது வளைவுல பெல்ட்டு அந்தா, சீட்டைத் தூக்கோணும்னு மொதல்ல என்னையத்தான் இறக்கி உடுவீங்க. இந்த முட்டியை வெச்சுக்கிட்டு மலையில எங்க நிக்கறது? அதுதான் என்ற வெசனம்.

அப்பறம், பிராக்கெட்டு தொல்லைன்னு எவனாச்சும் ஏசியைக் கழட்டிப்போடலாம்னா சம்மதிக்காத. நேராக்கி மாட்டச் சொல்லு. மலை மேல குளுந்த காத்துதான், இல்லைங்கலை. ஆனா போறப்பவும் வர்றப்பவும் ராசிபுரத்து வெயிலைத் தாண்டித்தானே ஆவோணும். வேப்பமரத்துக் காத்துல வளந்தவன்னு சொன்னது ஊருக்குச் சொல்லறது. உங்கத்தை காதுல இது உழுந்துதோ, உன்ற பெல்ட்டுக் கணக்கு முச்சூடும் உன்ற பொண்டாட்டிகிட்டப் போயிச் சேந்துரும், பாத்துக்க.